தெம்புக் குளிசை

இதை எனக்கு முதலில் சொன்னது சைக்கிள் கடை மார்க்கண்டு அண்ணை. போன தை மாதம், பொங்கலுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை, அந்தோனியார் நவநாள் முடிந்து நான் வீட்டுக்கு நடந்து வந்துகொண்டிருந்தேன். அவர் ஒரு ரியூப்பைத் தண்ணீர்ச் சட்டிக்குள் அமத்திப் பிடித்தபடி, தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

“தங்கச்சி, மடு மட்டும் போறதுக்குப் பின் ரயர் புதுசாப் போடட்டோ, இல்லாட்டி உது காணுமோ?”

ஆர் போகிறது, எப்போது போகிறது என்று எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்று காட்டிக்கொள்ள வெட்கமாக இருந்தது. நாற்பத்தொரு வருசம் ஒருவரோடு குடும்பம் நடத்திவிட்டு, அவர் என்ன செய்யப்போகிறார் என்பதைச் சைக்கிள் கடையில் நின்று விசாரிக்கிறதென்றால் எந்தப் பெண்ணுக்கும் நிலத்தைப் பார்க்கத்தான் வரும். புதுசாகவே போடுங்கோ அண்ணை என்று எல்லாம் தெரிந்தவள்போல் சொல்லி, மிச்சக் கதையை அவருடைய வாயாலேயே எடுத்தேன். அதுவும் ஒரு களவுதான். இந்தக் கதையில் என்னுடைய முதல் களவு.

விசயம் இதுதான். பிரான்சில் இருக்கிற எங்கள் மகன் ஜெறோம், தனியச் சைக்கிளில் இருநூறு கிலோமீற்றர் ஓடினானாம். தலையில் தொப்பியும் கண்ணில் கறுப்புக் கண்ணாடியுமாக ஒரு படம் அனுப்பியிருந்தான். அதைப் பார்த்த நாளிலிருந்து எங்கள் வீட்டுக்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மார்க்கண்டு அண்ணையிடம் போய், மாசி பிறந்து முதல் திங்கள் விடிய, சங்குப்பிட்டிப் பாலம் கடந்து, கரையோர றோட்டால் மடுமாதா கோவிலுக்குச் சைக்கிளில் போகப்போவதாகச் சொல்லியிருக்கிறார். தனிய. போனும் கொண்டுபோகமாட்டாராம். குளிசையும் கொண்டுபோகமாட்டாராம்.

“உவ இல்லாட்டி எனக்கு ஒண்டும் ஏலாது எண்டு ஊருக்குள்ளை கதை, மார்க்கண்டு. ஒருக்காக் காட்டிப்போட்டு வாறன்” என்றும் சொன்னாராம்.

உவ என்றது என்னை.

இவருடைய பெயர் நீக்கிலாப்பிள்ளை. வயது அறுபத்து நாலு. நாற்பது வருசம் குருநகர்க் கடலில் தொழில் செய்தவர். இப்போது கரையில் இருந்துகொண்டு, கடலுக்குப் போகிறவர்களுக்கெல்லாம் கடல் படிப்பிக்கிறார். பிரஷர் இருக்கிறது. காலையில் ஒரு குளிசை, பின்னேரம் ஒரு குளிசை. நான் உள்ளங்கையில் வைத்து, தண்ணீரையும் கொடுத்து, தொண்டைக்குழி ஏறி இறங்குகிறதைப் பார்த்தால்தான் அது உள்ளே போகும். பார்க்காவிட்டால் பூச்சாடிக்குள் போகும். முந்தின வருசம் நான் எங்கள் மகள் டிலக்ஷியின் பிள்ளைப்பேற்றுக்காகக் கொழும்புக்குப் போய் நின்ற நாலு நாளும் பூச்சாடிதான் குளிசை போட்டது. ஐந்தாம் நாள் பூசையில், பரலோக மந்திரம் சொல்லுகிற நேரத்தில் இவர் முன்னுக்கு விழுந்தார். பக்தி மேலிட்டு முழங்காலில் நிற்கிறார் என்று பக்கத்தில் நின்றவர்கள் நினைத்து, மந்திரத்தை முடித்துவிட்டுத்தான் பார்த்தார்கள். ஒரு கிழமை ஆசுப்பத்திரி.

இந்த மனுசன் குளிசை இல்லாமல், போன் இல்லாமல், நூற்றுச் சொச்சம் கிலோமீற்றர் போகப்போகிறார்.

போகவேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் நிற்கமாட்டார். நின்றாலும், மார்க்கண்டு அண்ணை கடையில் நாலு பேர் கேட்க “மனிசி விடேல்லை” என்று தலையைக் குனிந்துகொண்டு நிற்கவேண்டி வரும். அதையும் என்னால் பார்க்க ஏலாது. அவர் உயிரோடும் வரவேண்டும், தலை நிமிர்ந்தும் வரவேண்டும். ஒன்றை மட்டும் கேட்டிருந்தால் மாதாவுக்கும் சுகமாக இருந்திருக்கும். நான் இரண்டையும் கேட்டேன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். வங்கிக்குப் போனால் படிவம் நிரப்ப ஆள் தேடுவேன். ஆனால் மரியாயின் சேனையில் முப்பது வருசம். மடுத் திருநாளுக்கு வருசா வருசம் போய், கரையோரப் பங்குப் பெண்களோடு ஒரே மரத்துக்குக் கீழே கொட்டில் போட்டு, ஒரே அடுப்பில் சமைத்தவள். பூநகரியில் ஒரு அக்கா, முழங்காவிலில் ஒரு அக்கா, வெள்ளாங்குளத்தில் ஒரு தங்கச்சி, இலுப்பைக்கடவையில் ஷெரோன் என்றொரு பிள்ளை. ஷெரோன் பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள், ஸ்கூட்டி ஓடுவாள். எல்லாருடைய நம்பரும் என் செபப் புத்தகத்தின் பின் மட்டையில் பென்சிலால் எழுதிக் கிடந்தது.

அந்த மூன்று கிழமையும் நான் செபப் புத்தகமும் கையுமாகத்தான் திரிந்தேன். மனிசிக்கு இப்ப பக்தி கூடிப்போச்சு என்று இவர் மகனுக்குப் போனில் சொன்னார். கோழிக்கூட்டுக்குப் பின்னால் நின்று நான் மெல்லக் கதைத்ததெல்லாம் செபம் என்றே நினைத்துக்கொண்டார்.

ஒழுங்கு இதுதான். இன்ன நாள், இன்ன நேரம், சிவப்புச் சைக்கிளில் வெள்ளைச் சேட்டோடு ஒருவர் வருவார். மறிக்கவேண்டும். சாப்பாடு கொடுக்கவேண்டும். கத்தரிக்காய் மட்டும் சேர்க்கக்கூடாது, அவருக்கு உடம்பெல்லாம் கடிக்கும். பிறகு ஒரு குளிசை கொடுத்து, விழுங்குகிறதைப் பார்க்கவேண்டும். என் பெயர் வாயில் வரக்கூடாது. குளிசையைச் சின்னச் சின்னக் கடித உறைகளுக்குள் வைத்து, மன்னார் பஸ்ஸில் கொடுத்துவிட்டேன்.

றோட்டில் நிற்கிற முன்பின் தெரியாத மனுசி குளிசை தந்தால் எந்த மனுசன் விழுங்குவான் என்று பூநகரி அக்கா கேட்டா. அவவே மறுமொழியும் சொன்னா.

“நீ பயப்பிடாதை. தூரம் சைக்கிள் ஓடுற ஆக்களுக்குக் குடுக்கிற தெம்புக் குளிசை எண்டு சொல்லுறன். பிரஷர் குளிசை எண்டால் கிழவன். தெம்புக் குளிசை எண்டால் விளையாட்டு வீரன்.”

நான் ஒருத்தி பொய் சொன்னால் அது என்னோடு போகும். மாதாவின் பேரால் சேர்ந்த நாலு பெண்களைப் பொய் சொல்ல வைக்கிறேனே என்று நினைத்தேன். நினைத்துவிட்டு, சரி அக்கா என்றேன்.

பயணத்துக்கு முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இவர் என்னைக் கூப்பிட்டு மர வாங்கில் இருத்தினார்.

“இஞ்சை பார். நான் நாளைக்கு விடிய மடுவுக்குப் போறன். சைக்கிளிலை. தனிய.”

“ஓமப்பா” என்றேன்.

அவருக்கு முகம் தொங்கிப்போய்விட்டது. நான் என்னென்ன சொல்லித் தடுப்பேன் என்று கணக்குப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் மறுமொழி பாடமாக்கி வைத்திருந்தார் பாவம். நான் கேட்காத கேள்விகளுக்கெல்லாம் அவரே ஒவ்வொன்றாக மறுமொழி சொல்லி முடித்தார். அதில் ஒன்று மட்டும் எனக்குச் சரியாக விளங்கவில்லை. மாசியில் வாடைக் காற்று முதுகில் அடிக்கும், பாய் கட்டின வள்ளம்போலப் போய்ச் சேரலாம் என்றார். அது சரி. அப்போ வரும்போது காற்று முகத்தில் அடிக்குமே என்றேன்.

“வரேக்கை காத்து மாறும். கடலிலை மாறுறேல்லையோ? கரைக் காத்திலை போய்க் கடல் காத்திலை வாறனாங்கள். நீ சும்மா இரு.”

நான் செபப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கோழிக்கூட்டுப் பக்கம் போனேன்.

திங்கள் விடிய, தண்ணீர்ப் போத்தலும் ஒரு சாரமும் துவாயும் கரியரில் கட்டிக்கொண்டு புறப்பட்டார். குளிசைப் பெட்டியைத் தலையணைக்குக் கீழேயும், போனை அலுமாரிக்குள்ளும் வைத்துவிட்டுத்தான் போனார். ஒழுங்கை முடக்கில் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். நான் நெற்றியில் சிலுவை போட்டேன். போட்ட கையோடு பூநகரிக்குப் போன் அடித்தேன், இறங்கிவிட்டார் என்று.

போகும் பயணம் தேன்போலப் போனது. பூநகரி அக்கா இடியப்பமும் சொதியும் கொடுத்து, குளிசையை நீட்டி, வாயைத் திறக்கச் சொல்லியும் பார்த்துவிட்டாவாம். முழங்காவிலில் குரக்கன் புட்டும் பொரித்த மீனும், படுக்கக் கோவில் மண்டபத்தில் பாயும். வெள்ளாங்குளத்தில் இளநீர். வெள்ளாங்குளத்துத் தங்கச்சி எனக்குப் போன் எடுத்துச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னா, அண்ணை குளிசையை விழுங்கிப்போட்டு, உது நல்ல சாமான் பிள்ளை, விழுங்கின கையோடை கால் ரெண்டும் தானாச் சுழலுது என்றாராம். வாடைக் காற்று முதுகில் அடிக்கிறதை அந்த மனுசன் மறந்துவிட்டார்.

இரண்டாம் நாள் பின்னேரம் மடுவில் போய் இறங்கினார். மடுவில் அந்த நாட்களில் எனக்கு ஆள் இல்லை. ஷெரோன்தான் இலுப்பைக்கடவையிலிருந்து ஸ்கூட்டியில் போய்க் குளிசை கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

புதன்கிழமை விடிய அவர் திரும்பி வெளிக்கிடவேண்டும். எட்டு மணிக்கு இலுப்பைக்கடவையைக் கடக்கவேண்டும். ஒன்பது ஆனது, பத்து ஆனது. ஷெரோனின் தாய் அவித்த புட்டு ஆறிப்போனது. ஆளைக் காணவில்லை. வெள்ளாங்குளத்திலிருந்து போன், முழங்காவிலிலிருந்து போன். எல்லாருக்கும் நான் பொறுங்கோ பொறுங்கோ என்று சொன்னேன். எனக்கு ஆர் பொறு என்று சொல்லுவது? மாதாவின் படத்துக்கு முன்னால் முழங்காலில் இருந்தேன். ஒரு அருள்நிறை மந்திரத்தைத் தொடங்கி முடிக்க வரவில்லை. அன்றைக்குப் பூசையில் முன்னுக்கு விழுந்தாரே, அதேமாதிரி எந்தக் காட்டு றோட்டில் விழுந்து கிடக்கிறாரோ என்றுதான் கண்ணுக்குள் வந்தது. உன்னுடைய ஆக்களை வைத்துப் பொய் சொன்னதுக்காக அந்த மனுசனை எடுத்துப்போடாதை தாயே, என்னை எடு என்று கேட்டேன்.

பதினொன்றரைக்கு, ஸ்கூட்டியில் தேடிப்போன ஷெரோன் மடுவிலிருந்து போன் எடுத்தாள்.

“அன்ரி, அங்கிள் நல்லா இருக்கிறார். கோவில் மரத்துக்குக் கீழை சைக்கிளைச் சாத்திப்போட்டு இருக்கிறார்.”

“ஏன் பிள்ளை, ஏலாமல் இருக்கிறாரோ?”

“இல்லை அன்ரி. விரலை நனைச்சு மேலை பிடிச்சுக்கொண்டு இருக்கிறார். ஏன் எண்டு கேட்டன். காத்து மாறட்டும், பிறகு வெளிக்கிடுறன் எண்டு சொல்லுறார்.”

நானும் கடற்கரையில் பிறந்தவள்தான். அப்போதுதான் எனக்கு விளங்கியது. மாசி மாதத்து வாடை பங்குனியில்தான் மாறும். இந்த மனுசன் நடுக்காட்டில் மரத்துக்குக் கீழே இருந்துகொண்டு, கடல் காற்றுக்குக் காத்திருக்கிறார். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. குளிசையைக் கொடுத்தியோ என்று மட்டும் கேட்டேன். ஹெல்மெட்டைக் கழற்றாமலே கொடுத்ததாகவும், அவர் அவளுக்கு இரண்டு கையும் எடுத்துக் கும்பிட்டதாகவும் சொன்னாள்.

அன்று முழுக்கக் காத்திருந்தார். மாறவில்லை. வியாழன் வெளிக்கிட்டு, முகத்தில் அடிக்கிற வாடையோடு மல்லுக்கட்டி, சனிக்கிழமை மத்தியானம் வந்து சேர்ந்தார். சங்குப்பிட்டிப் பாலத்தை ஓடியல்ல, நடந்துதான் கடந்தார் என்று பூநகரி அக்கா சொன்னா. நான் புட்டுச் சமைத்தவர்கள் எல்லாரிடமும் நாள் மாறினதுக்கு மன்னிப்புக் கேட்டு முடித்த கையோடு ஒழுங்கை முடக்கில் பெல் சத்தம் கேட்டது. கறுத்து, மெலிந்து, தலை நிமிர்ந்து வந்தார். மார்க்கண்டு அண்ணை கடையைப் பூட்டிவிட்டுப் பின்னால் வந்தார்.

நான் கேட்டது இரண்டும் கிடைத்துவிட்டது. அத்தோடு நின்றிருந்தால் இதை நான் எழுதத் தேவையில்லை.

திங்கட்கிழமை டாக்குத்தரிடம் கூட்டிப்போனேன். பிரஷர் பார்த்தார். நூற்று இருபத்தெட்டுக்கு எண்பது. ஆறு நாள் குளிசை தொடவில்லை என்று இவர் டாக்குத்தருக்குப் பெருமையாகச் சொன்னார். டாக்குத்தர் கருவியைத் தட்டிவிட்டு மறுபடியும் அளந்தார். அதே கணக்குத்தான். நான் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தச் சனிக்கிழமை செபக்கூட்டத்தில் இவர் எழும்பிச் சாட்சி சொன்னார். கோவில் நிறைய ஆட்கள். பங்குச் சுவாமியும் முன்வரிசையில் இருந்தார்.

“நான் தனியப் போனன். ஆனால் தனிய விடப்படேல்லை. போற வழியெல்லாம் முன்பின் தெரியாத பெண்கள் மறிச்சு மறிச்சுச் சாப்பாடு தந்திச்சினம். ஒரு இடத்திலையும் கத்தரிக்காய் இல்லை. எனக்குக் கத்தரிக்காய் ஆகாது எண்டு உலகத்திலை ரெண்டு பேருக்குத்தான் தெரியும். ஒண்டு என்ரை மனிசி, மற்றது மாதா. மனிசி வீட்டிலை இருந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தவ.”

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அன்பாகத்தான் பார்த்தார்கள். எனக்கு வாங்குக்குக் கீழே போகலாம்போல இருந்தது.

பிறகு ஹெல்மெட் போட்ட ஒரு சம்மனசு, மாதா அனுப்பின வானதூதர், தனக்கு இரண்டு தரம் காட்சி தந்ததைச் சொன்னார். கடைசியாக டாக்குத்தர் பிரஷர் எழுதித் தந்த துண்டை உயர்த்திக் காட்டினார். குளிசை ஒன்றும் போடாமல் பிரஷர் இறங்கிவிட்டது, இனி இந்தப் பிறவிக்குக் குளிசை தேவையில்லை என்றார். கோவில் கைதட்டியது. எனக்குப் பின் வாங்கில் இருந்த கிழவர்கள் இரண்டு பேர், தாங்களும் நிப்பாட்டிப் பார்க்கலாமோ என்று குசுகுசுத்துக் கதைத்தார்கள்.

அந்தக் குசுகுசுப்புத்தான் என்னைப் பிடித்து எழுப்பியது. என் மனுசனின் தலை நிமிர்வுக்காக மற்றவளின் மனுசன் விழுந்து சாகக்கூடாது. கூட்டம் முடிந்ததும் நேரே பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் போனேன். பஸ், கடித உறை, இடியப்பம், சம்மனசு என்று எல்லாத்தையும் சொல்லி முடித்தேன். வலைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் சுவாமி இருமினார். இருமல்தான் என்று நம்புகிறேன். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைத் தான் வெளியில் சொல்ல ஏலாது, ஆனபடியால் நீங்களே உங்கள் கணவரிடம் உண்மையைச் சொல்லவேண்டும், அதுதான் உங்களுக்கு அபராதம் என்றார்.

அடுத்த நாள் காலை, பூசைக்குப் போய் வந்து, இவர் பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது முன்னால் போய் நின்றேன்.

“இஞ்சாருங்கோப்பா. அந்தத் தெம்புக் குளிசை உங்கடை பிரஷர் குளிசைதான். நான்தான் குடுத்துவிட்டனான்.”

“எதிலை?”

“மன்னார் பஸ்ஸிலை.”

“ஆருக்கு?”

“மரியாயின் சேனை ஆக்களுக்கு. பூநகரி, முழங்காவில், வெள்ளாங்குளம், இலுப்பைக்கடவை. கத்தரிக்காய் போடாதேங்கோ எண்டதும் நான்தான். அந்தச் சம்மனசு ஷெரோன்.”

சாப்பிடுகிறதை நிப்பாட்டிவிட்டு என்னையே பார்த்தார். கோபிப்பார் என்று நினைத்தேன். உடைந்துபோவார் என்று அதைவிடப் பயந்தேன். அவர் இரக்கத்தோடு சிரித்தார்.

“எனக்கு விளங்குது. நாப்பது வருசமா நீ செபிக்கிறாய், புதுமை எனக்கு நடந்திட்டுது. உனக்கு மாதாவிலை எரிச்சல்.”

“இல்லையப்பா, உண்மையாத்தான்...”

“சந்தியிலை இறங்கி பஸ் மாறத் தெரியாத நீ, நாலு ஊரை வைச்சு நடத்தினியோ? போ, போய்த் தேத்தண்ணி போடு.”

செபப் புத்தகத்தின் பின் மட்டையை எடுத்துக் காட்டியிருக்கலாம். ஷெரோனுக்குப் போன் எடுத்துக் கையில் கொடுத்திருக்கலாம். நான் போய்த் தேத்தண்ணி போட்டேன். கேத்திலுக்கு முன்னால் நின்றபோது என் நெஞ்சில் பெரிய ஆறுதல் வந்தது. உண்மையையும் சொல்லியாகிவிட்டது, அவருடைய தலையும் நிமிர்ந்தபடியே இருக்கிறது. அந்த ஆறுதலைத்தான் இன்றைக்கும் நினைத்து வெட்கப்படுகிறேன். சொன்ன பொய்களைவிட அதுதான் பெரிய பாவம்போல எனக்குப் படுகிறது. அதைப் பாவசங்கீர்த்தனத்தில் இன்னும் சொல்லவில்லை.

அந்த இரண்டு கிழவர்களுடைய வீடுகளுக்கும் அன்றைக்கே போய், மனிசிமாரிடம் இரகசியமாக எல்லாத்தையும் சொல்லிவிட்டேன். அவர்கள் என்னை ஏசவில்லை. தெம்புக் குளிசை என்ற பெயரை மட்டும் இரண்டு தரம் கேட்டுப் பாடமாக்கிக்கொண்டார்கள்.

இவருடைய குளிசைக்கு என்ன செய்கிறதென்று நான் யோசித்து முடிக்குமுன், தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு அவரே கதையை எடுத்தார். பிரஷர் குளிசையைத் தான் இனித் தொடமாட்டாராம். ஆனால் அந்தத் தெம்புக் குளிசை நல்ல சாமானாம், யாழ்ப்பாணத்தில் எங்காவது விற்குமோ, விசாரித்துப் பார் என்றார். விசாரித்தேன். தலையணைக்குக் கீழே கிடைத்தது. இப்போது காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று, நான் பார்க்காமலே விழுங்குகிறார். நேரம் பிந்தினால் அவரே கேட்டு வாங்குகிறார். பூச்சாடி வாடிப்போனது.

ஏன் இவ்வளவு அக்கறை என்று நேற்றுத்தான் தெரிந்தது. இந்த முறையும் எனக்குச் சொன்னது மார்க்கண்டு அண்ணைதான். வாற மாசி மாதம் இவர் தலவில அன்னம்மாள் கோவிலுக்குப் போகப்போகிறார். சைக்கிளில். தனிய. வவுனியா தாண்டி, அனுராதபுரம் தாண்டி, புத்தளம் மட்டும் போய், அங்கிருந்து கற்பிட்டிப் பக்கம் திரும்பவேண்டும். காற்று வழியில் கட்டாயம் மாறுமாம்.

கேட்க வெட்கமாகத்தான் இருக்கிறது. மதவாச்சியிலிருந்து புத்தளம் மட்டும் எனக்கு ஒருத்தரையும் தெரியாது. அந்த றோட்டில் உங்களுக்குத் தெரிந்த பெண்கள் ஆரும் இருந்தால், எந்தச் சமயமென்றாலும் பரவாயில்லை, கத்தரிக்காய் போடாமல் ஒரு நேரச் சாப்பாடு சமைக்கக்கூடியவர்களாக, அவர்களுடைய நம்பரை மட்டும் எனக்குத் தாருங்கோ.